சாறு கொடுத்து முடித்துவைத்தார்கள்

உட்காருங்கள் தோழர். அந்த நாற்காலி வேண்டாம், அது கொல்லைக்குப் போகிற வழியை மறைக்கும். இந்தப் பெஞ்சில் உட்காருங்கள். பேச்சின் நடுவில் நான் எழுந்து போனால் மரியாதைக் குறைவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எதிரிகூட என் வீட்டில் பாதிப் பேச்சோடு திரும்பிப் போனதில்லை. இப்போது நிலைமை வேறு.

நீங்கள் சொன்னது விளங்கியது. ஏரிப்பாளையம் பள்ளிக்கூடத்து வாசலில் மணல் லாரிகள் நிற்காமல் பறக்கின்றன. உங்கள் அண்ணன் மகளுக்கு ஒரு கால் போய்விட்டது. வேகத்தடை போடச் சொல்லி மனுக் கொடுத்துக் கொடுத்து அலுத்துவிட்டது. மாசிலாமணி உண்ணாவிரதம் உட்கார்ந்தால் நடக்கும் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். இந்தத் தாலுகாவில் நான் உட்கார்ந்து நடக்காதது எதுவுமில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்குத்தான் சொல்கிறேன், அதில் என்ன தப்பு?

உட்காருகிறேன். அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் கோரிக்கையைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. அதற்கு முன்னால் போன பங்குனியில் நடந்ததைச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

வடிவு, தோழருக்கு டீ. எனக்கும்.

நான் பள்ளிக்கூடம் அதிகம் போனவனில்லை தோழர். தறிப்பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். படித்ததெல்லாம் துண்டறிக்கையில். டீக்கடையில் ஒருவர் படிப்பார், நாங்கள் கேட்போம். பிறகு நானே படித்தேன். பிறகு நானே எழுதினேன். துண்டறிக்கை எனக்கு இரண்டு பாடம் சொல்லிக்கொடுத்தது. ஒன்று, எந்தத் துன்பத்துக்கும் ஒரு காரணம் இருக்கும், காரணத்துக்கு ஒரு பெயர் இருக்கும், பெயருக்கு ஒரு முகவரி இருக்கும். அந்த முகவரிக்கு முன்னால் போய் உட்கார வேண்டும். இரண்டு, கோரிக்கை ஒரே வரியில் இருக்க வேண்டும். கலெக்டர் ஆபீஸ் வாசலில் டவாலி நிற்கிறாரே, அவர் படித்தவுடன் புரிய வேண்டும். அவருக்குப் புரியாத கோரிக்கை எவனுக்கும் புரியாது. என் துண்டறிக்கை ஒன்றில்கூட இரண்டாம் முறை படிக்க வேண்டிய வாக்கியம் கிடையாது. எங்கள் சங்கத்தில் இன்றைக்கும் அதைச் சொல்லிக்கொள்வார்கள்.

அப்படிப்பட்டவனுக்கு ஒரு நோய் வந்தது. பெயர் சொல்லலாம், முகவரி இல்லை.

மூத்திரப் பைதான். கூச்சப்படாமல் சொல்கிறேன். மேடையில் எதையெல்லாமோ சொன்ன வாய், இதைச் சொல்ல ஏன் கூசுகிறதோ தெரியவில்லை. முதலில் நீர்க்கடுப்பு என்று நினைத்தோம். வெயிலில் அலைகிறவனுக்கு வருவதுதானே. சூடு என்றாள் என் வீட்டுக்காரி வடிவு. சூடு என்றார்கள் தெருவில். தொப்புளில் விளக்கெண்ணெய் வை என்றார் ஒருவர். எல்லாரும் சேர்ந்து ஒரே குரலில் சொன்னது, எலுமிச்சம்பழம் பிழிந்து குடி என்பது. எங்கள் சங்கச் செயலாளர் இளவழகன், நல்ல பையன், சந்தைக்குப் போகும்போதெல்லாம் பை நிறைய எலுமிச்சம்பழம் வாங்கி வந்து போடுவான். குடித்தேன். காலையில் ஒரு சொம்பு, மாலையில் ஒரு சொம்பு. அடுத்த மழைக்காலம் வரைக்கும் குடித்தேன்.

என்ன வலி என்று கேட்கிறீர்களா? வெந்த புண்ணில் மிளகாய்த் தூளைத் தூவி, அதன் மேல் யாரோ காலை வைத்து அழுத்தினால் எப்படியிருக்கும்? அந்த இடம் அடிவயிற்றுக்குள் இருந்தால்? போய்விட்டு வந்தால் கொஞ்சம் அடங்கும். வந்து வேட்டியைச் சரிசெய்வதற்குள் மறுபடி ஊறும், மறுபடி எரியும். போனால் ஒரு கரண்டிகூட வராது. அந்த ஒரு கரண்டிக்காக உயிர் போகும். என்னோடு சிறையில் இருந்த தோழர் முத்துச்சாமி செத்துப்போனார். மண் போடப் போகவில்லை. பஸ் ஏறினேன், மூன்றாவது நிறுத்தத்தில் இறங்கி, ஒரு முள்ளுக்காட்டில் உட்கார்ந்துவிட்டு, அப்படியே திரும்பி நடந்தேன். அவர் வீட்டில் என்னைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பது எனக்குத் தெரியும்.

இதோ, ஒரு நிமிடம்.

மன்னிக்க வேண்டும். எங்கே விட்டேன்?

கிணறு. இல்லை, கிணற்றைப் பற்றி உங்களிடம் இன்னும் சொல்லவில்லை. கொல்லையில் ஒரு பழைய கிணறு இருக்கிறது. போன தை மாதம் ஒரு நாள் விடிந்ததும் அதன் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். சும்மாதான் நின்றேன். அன்றைக்கே வடிவு ஆள் வைத்து அதற்கு இரும்பு வலை போட்டுப் பூட்டிவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே டாக்டர் மெஹருன்னிசா என்று ஒரு அம்மா. சின்ன வயது. குழாய் விட்டு உள்ளே பார்த்தார்கள், எடுத்த பரிசோதனையெல்லாம் பார்த்தார்கள். கடைசியில் அந்தம்மா சொன்னார்:

"ஐயா, கல் இல்ல. கிருமி இல்ல. கட்டி இல்ல. நல்ல சேதிதான்."

"அப்புறம் எதுக்கும்மா வலிக்குது?"

"பையோட உள்பக்கம் புண்ணாட்டம் ஆயிருக்கு. எங்களுக்கெல்லாம் மூத்திரம் பட்டா அதுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுது. கால்வாசி நிறைஞ்சாலே முழுசா நிறைஞ்சிட்ட மாதிரி கத்துது."

"புண்ணு யாரால வந்தது?"

"யாராலன்னு இல்லைங்கய்யா. எதனாலன்னே இன்னும் சரியாத் தெரியல. எந்த ஊர் டாக்டருக்கும் தெரியல."

"அப்ப யார் பொறுப்பு?"

அந்தம்மா சிரித்தார். என் வாழ்க்கையில் அந்தக் கேள்வியைக் கேட்டு யாரும் சிரித்ததில்லை தோழர். பயந்திருக்கிறார்கள், ஓடியிருக்கிறார்கள். சிரித்ததில்லை.

"யாரும் பொறுப்பில்லைங்கய்யா. இது முழுசாப் போகாது. ஆனா இதோட இருந்துக்கலாம். நிறையப் பேர் இருக்காங்க. பொம்பளைங்கதான் ஜாஸ்தி, வெளிய சொல்றதில்ல."

இருந்துக்கலாம். கேட்டீர்களா? வட்டிக்கடைக்காரனோடு இருந்துகொள், பட்டறை முதலாளியோடு இருந்துகொள் என்று சொன்னவர்களை எதிர்த்துத்தான் எனக்கு மயிர் நரைத்தது. சரி, மருந்து கொடுங்கள் என்றேன். மாத்திரை கொடுத்தார். அது கொஞ்சம் கேட்டது, கொஞ்சம் கேட்கவில்லை. அதோடு விட்டாரா? டீ கூடாது, காப்பி கூடாது. புளி கூடாது, தக்காளி கூடாது, மிளகாய் கூடாது. எலுமிச்சை அறவே கூடாது.

"எலுமிச்சை புண்ணு மேல ஊத்தற மாதிரிங்கய்யா. இதுக்கா குடிச்சீங்க?" என்று தலையில் கைவைத்துக்கொண்டார். "கொஞ்ச வாரம் எல்லாத்தையும் நிறுத்திப் பாருங்க. அப்புறம் ஒவ்வொண்ணா சேத்துக்கிட்டு வாங்க. எது உங்க எதிரின்னு நீங்களே கண்டுபிடிச்சிடலாம்."

புளியும் மிளகாயும் உழைக்கிறவன் சாப்பாடு. டீ எங்கள் பல்கலைக்கழகம். இதையெல்லாம் எதிரி என்று சொல்கிற வைத்தியம் யாருடைய வைத்தியம் என்று யோசித்துப் பாருங்கள். அதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். கடைசியாக ஒன்று சொன்னார் பாருங்கள்.

"அப்புறம், கொஞ்சம் அடக்கிப் பழகணும். வந்த உடனே ஓடாதீங்க. செத்த நேரம் அடக்குங்க. அடுத்த வாரம் இன்னும் செத்த நேரம். பை மெல்ல மெல்லப் பழகிக்கும்."

"யாரைப் பாத்தும்மா அடக்கச் சொல்றீங்க? அடக்குமுறையை எதிர்த்து உள்ளே போனவன் நான்."

"ஐயோ, இது அடக்குமுறை இல்லைங்கய்யா. பயிற்சி."

"எல்லா அரசாங்கமும் அதுக்குப் பயிற்சின்னுதாம்மா பேர் வைக்கும்."

வடிவு என் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிட்டாள்.

வா வடிவு. பார்த்தீர்களா தோழர்? உங்களுக்கு டீ, எனக்கு வெந்நீர். என் வீட்டுக்குள்ளேயே இரண்டு டம்ளர். தேநீர்க் கடையில் இரட்டை டம்ளரை எதிர்த்து நான் மறியல் செய்திருக்கிறேன், தெரியுமா? இப்படிக் கொடுங்கள், அவள் உள்ளே போய்விட்டாள். உங்கள் டீயில் பாதி போதும் எனக்கு. நீங்கள் தவறாக நினைக்கவில்லையே? பேசுகிறவனுக்குத் தொண்டை நனைய வேண்டும்.

பங்குனிக்கு வருகிறேன். நம் பேருந்து நிலையத்தில் ஒரு கழிப்பறை இருந்ததே, அதைப் பூட்டிவிட்டார்கள். இடித்துக் கடை கட்டி ஏலம் விடுவதாகத் திட்டம். பூக்கட்டுகிற பெண்கள் காலையில் வந்தால் பொழுது சாயும் வரைக்கும் அங்கேதான் இருக்க வேண்டும். எங்கே போவார்கள்? கண்டக்டர்கள் எங்கே போவார்கள்? எனக்காக நான் அந்தப் பிரச்சினையை எடுக்கவில்லை. அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சிலர் அப்படிப் பேசினார்கள். பொதுமக்களுக்காக எடுத்தேன். கோரிக்கை ஒரே வரி: கழிப்பறையைத் திற. தண்ணீர் மட்டும் குடித்துச் சாகும்வரை உண்ணாவிரதம்.

பந்தலுக்குப் பின்னால் இளவழகன் ஒரு படுதாவைக் கட்டி வாளி வைத்துக் கொடுத்தான். முதல் நாள் படுதாவுக்கும் பாய்க்கும் நடந்தே கால் ஓய்ந்தது. மறுநாளும் அப்படித்தான். செத்தாலும் பரவாயில்லை, வலியோடு சாகக் கூடாது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அதற்கடுத்த நாள் காலை கண்விழித்தேன். வெயில் முகத்தில் விழுந்தது. பூக்காரப் பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். ஏதோ ஒன்று குறைந்தது. என்னவென்று பிடிபடவில்லை. நம் ஊரில் கரன்ட் போனால் எல்லாத் தறியும் ஒரேயடியாக நிற்குமே, அப்போதுதானே இவ்வளவு நேரம் சத்தம் இருந்தது என்பதே உறைக்கும்? அந்த மாதிரி. வலி நின்றிருந்தது.

நம்ப மாட்டீர்கள். எழுந்தால் போய்விடுமோ என்று பயந்து அப்படியே படுத்திருந்தேன். பிறகு எழுந்தேன், உட்கார்ந்தேன். பக்கத்துப் பந்தலில் நாதஸ்வரக்காரன் யாருக்கோ காத்திருந்து சும்மா வாசித்தான், அதைக் கேட்டேன். முழுப் பாட்டையும் கேட்டேன் தோழர். நடுவில் எழுந்து போகாமல் ஒன்றை முழுதாகக் கேட்டு எத்தனை காலமாகியிருந்தது.

அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். உடம்பு துவண்டது, ஆனால் நான் ராஜாவாக இருந்தேன். போராட்டம்தான் மருந்து என்று புரிந்தது. கோபத்தை உள்ளேயே வைத்திருந்ததால்தான் எரிந்திருக்கிறது, வெளியே கொண்டு வந்தேன், அணைந்துவிட்டது.

வெற்றி வந்துவிட்டது. அவ்வளவு சீக்கிரம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

கோட்டாட்சியர் ஜீப்பில் வந்து இறங்கினார். "ஐயா, உங்க கோரிக்கையை ஏத்துக்கிட்டோம். நாளைக்கே தொறந்துடறோம்" என்றார்.

"எழுத்துல வேணும்" என்றேன்.

எழுத்தில் கொண்டுவந்தார். முத்திரை சரியாக விழவில்லை என்றேன். போய் வேறு போட்டு வந்தார். பெண்களுக்குத் தனிக் கட்டடம் என்றேன். அதற்கும் தலையாட்டினார். தண்ணீர்த் தொட்டி, விளக்கு, காவலாள். எதைக் கேட்டாலும் சரி என்றார். இப்படி ஒரு அதிகாரியை நான் பார்த்ததே இல்லை. என்ன மனிதர் அவர், கொஞ்சமாவது முரண்டு பிடிக்க வேண்டாமா?

இளவழகன் காதோரம் குனிந்தான். "தோழர், ஜெயிச்சிட்டோம் தோழர். இன்னும் என்னங்க தோழர்?"

"உனக்குத் தெரியாது. வர்க்க எதிரி சிரிச்சா நம்பக் கூடாது."

"கழிப்பறைக்கு எதுக்குத் தோழர் வர்க்க எதிரி?"

நான் மறுக்க மறுக்கக் கூட்டம் பெருகியது. சமரசமற்ற போராளி என்று தட்டி எழுதி வைத்தார்கள். பேச்சாளர்கள் அழுதார்கள். வடிவு மட்டும் பந்தல் கம்பத்தில் சாய்ந்துகொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். கடைசியில் அரசு டாக்டர் ஒருவர் வந்து நாடி பார்த்தார், ஆம்புலன்ஸில் ஏற்றிவிடுவோம் என்று போலீஸ் சொன்னது. ஆஸ்பத்திரியில் குழாயில் ஏற்றுவதைவிட மேடையில் முடிப்பது மரியாதை என்று இளவழகன் கெஞ்சினான்.

உண்ணாவிரதத்தை எப்படி முடிப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். வந்திருப்பதில் பெரிய மனிதர் யாரோ அவர் கையால் பழரசம் கொடுப்பார். போட்டோ எடுப்பார்கள். கோட்டாட்சியர் ஒரு கண்ணாடி டம்ளரை நீட்டினார். எலுமிச்சை. அதிலும் உப்புப் போட்டது. இளவழகன்தான் தன் கையால் பிழிந்தானாம், தோழருக்கு எலுமிச்சை பிடிக்கும் என்று.

கூட்டம் பார்க்கிறது. கேமரா நிற்கிறது. குடித்தேன். குடித்ததும் வெற்றி டீ என்று ஒன்று, அதையும் குடித்தேன். இரண்டு வாய் புளிச்சாதம்.

நன்றியுரை முடிவதற்குள் ஆரம்பித்துவிட்டது. முன்னே இருந்ததைவிடப் பத்து மடங்கு. படுதாவைப் பிரித்துவிட்டிருந்தார்கள், வாளியை எடுத்துவிட்டிருந்தார்கள். எதிரில் நான் வென்றெடுத்த கழிப்பறை. ஓடினேன் என்று சொல்ல முடியாது, மாலையோடு நடந்தேன். பூட்டியிருந்தது. சாவி ஒப்பந்தக்காரரிடம், அவர் ஊரில் இல்லை, நாளைக்குத்தானே திறப்பு விழா என்றார்கள். அதற்குள் ஊர்வலம் கிளம்பிவிட்டது. இரண்டு பக்கமும் என்னைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள். வேட்டி நனைந்துவிட்டது தோழர். மாலையில் தெளித்த தண்ணீர் சொட்டுகிறது என்று நினைத்துக்கொண்டார்கள். வாழ்க என்று கத்தினார்கள். வடிவு முந்தானையை இழுத்து என் முன்னால் பிடித்தபடியே வீடு வரை நடந்து வந்தாள்.

இதோ வருகிறேன்.

இன்றைக்குக் கொஞ்சம் அதிகமாக இருக்கிறது. காலையில் நன்றாகத்தான் இருந்தது. பேச ஆரம்பித்த பிறகுதான். பேசினால் சூடு ஏறுகிறது போல. அந்த டம்ளரை அங்கே வையுங்கள், அவள் கண்ணில் படப்போகிறது.

அந்த டாக்டரம்மாவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். போராட்டத்தில் இருந்தவரை வலி இல்லை, அரசாங்கத்தின் சாற்றைக் குடித்தேன், வந்துவிட்டது, இதற்கு என்ன சொல்கிறீர்கள் என்றேன். அந்தம்மாவுக்கு ஒரே சந்தோஷம்.

"பாத்தீங்களா ஐயா? நான் சொன்னதை நீங்களே செஞ்சு காட்டிட்டீங்க. பட்டினி இல்லைங்க, டீயும் புளியும் இல்லாம இருந்தீங்க பாருங்க, அதுதான். சாப்பிட்டுக்கிட்டே அப்படி இருக்கலாம். தயிர்சாதம், இட்லி, வாழைத்தண்டு. யாரும் சாக வேணாம்."

பத்தியம். நான் பத்தியம் இருக்க வேண்டுமாம். டீக்கடையில் நாலு பேர் முன்னால் எனக்கு வேண்டாம் என்று டம்ளரைக் கவிழ்த்து வைக்க வேண்டுமாம். மாசிலாமணிக்கு வயதாகிவிட்டது, வீட்டில் தயிர்சாதம் தின்கிறான் என்று பேச விடுவேனா? வீட்டிலேயே ஒரு நாள் பட்டினி இருந்து பார்த்தேன். கோரிக்கை இல்லாமல் கிடப்பது உண்ணாவிரதம் ஆகாது, வெறும் பட்டினி. காலையிலேயே இளவழகன் பிளாஸ்கில் டீயோடு வந்தான், முடிந்துவிட்டது.

ஆகையால் தோழர், நீங்கள் வாசலில் வந்து நின்று உண்ணாவிரதம் என்று சொன்னதும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. பார்த்தீர்களோ என்னவோ. பங்குனியிலிருந்து காத்திருக்கிறேன். யாரும் வரவில்லை. இப்போதெல்லாம் மக்கள் செல்போனில் புகார் கொடுத்துவிடுகிறார்கள்.

கோரிக்கைக்கு வருகிறேன். வேகத்தடை. நியாயமான கோரிக்கை. ஆனால் மிகச் சின்னது. அந்தக் கோட்டாட்சியரே இன்னும் இருக்கிறார். நான் பாய் விரித்த அன்றைக்கே ஜல்லி கொண்டுவந்து கொட்டிவிடுவார். வலி நிற்பதற்குள் சாற்றை நீட்டிவிடுவார். நான் யோசித்துப் பார்த்தேன். மேம்பாலம் கேட்போம். பள்ளிக்கூடத்துக்கு மேல் ஒரு மேம்பாலம். லாரி மேலே போகட்டும், பிள்ளைகள் கீழே போகட்டும். கொடுக்கவே மாட்டார்கள். பெரிய போராட்டமாக வரும்.

என்ன? அடுத்த மாதம் பள்ளிக்கூடம் திறக்கிறதா? ஆமாம். நீங்கள் சொல்வது சரி. அதற்குள் வேண்டும். அந்தப் பெண்ணின் தம்பி அதே வழியில்தான் போக வேண்டும், இல்லையா? புரிகிறது.

எழுந்துவிட்டீர்களே. செருப்பை மாட்டாதீர்கள். கொஞ்சம் பொறுங்கள், நானே இப்போது அடக்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன், உங்களுக்காக. மேம்பாலம் வேண்டாம். விட்டுவிட்டேன். வேகத்தடைக்கே உட்காருகிறேன். பந்தல், படுதா, வாளி எல்லாம் என் பொறுப்பு, உங்களுக்குக் காலணாச் செலவில்லை. ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன். கோரிக்கையை நான் எழுதினால் ஒரே வரியில் எல்லாருக்கும் விளங்கிவிடும், எனக்கு வேறு மாதிரி எழுத வராது. அதனால் நீங்களே எழுதிக்கொண்டு வாருங்கள். கொஞ்சம் புரியாத மாதிரி எழுதுங்கள் தோழர். அவர்களுக்கு விளங்குவதற்கு நாலைந்து நாள் ஆகிற மாதிரி.